ஸ்விங்கில் எழுதிய பழைய ஜாவா மென்பொருளை அன்ட்ரொயிட் போனுக்குக் கொண்டுவர முடியுமா?

கேட்டவரின் நிலைமை இது: பத்து வருசத்துக்கு முன் நெட்பீன்ஸ் என்ற நிரல் எழுதும் கருவியில், ஸ்விங் என்ற ஜாவாவின் திரை நூலகத்தைப் பாவித்து எழுதிய பில் போடும் மென்பொருள் கடைக் கணினியில் இன்னும் ஓடுகிறது. இப்போது அதையே போனில் கேட்கிறார்கள். கணினி ஜாவாவின் ஜார் கோப்பை அன்ட்ரொயிட் செயலிக்குரிய ஏபிகே கோப்பாக ஆக்கித் தரும் கருவி ஏதும் உண்டா, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுத வேண்டுமா?

அப்படி ஒரு கருவியைத் தேடி நானும் ஒரு கிழமை வீணாக்கினேன். முதலில் இருந்து எழுதத் தேவையில்லை. ஆனால் நீங்கள் நினைக்கிறதை விடக் குறைவாகத்தான் மிஞ்சும்.

2011இல், படித்துக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு மொத்த வியாபாரிக்கு ஸ்விங்கில் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பிஸ்கற், சவர்க்காரம், தீப்பெட்டி என்று தீவுப்பகுதிக் கடைகளுக்குச் சாமான் அனுப்புகிறவர். அவருடைய விற்பனைப் பெடியன் மோட்டார் சைக்கிளில் வேலணை, புங்குடுதீவு என்று போய், குறிகட்டுவானில் படகு ஏறி நெடுந்தீவு வரைக்கும் கொப்பியில் ஓடர் எழுதிக்கொண்டு வருவான். இரவு எட்டு மணிக்குக் கடையில் இன்னொருவர் அந்தக் கொப்பியைப் பார்த்துக் கணினியில் அடிப்பார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டினபோது அந்த எட்டு மணி இல்லாமல் போனது. முதலாளி கூப்பிட்டார்.

"தம்பி, நீ எழுதித் தந்ததைப் போனுக்குள்ள போடேலாதோ? போனிலை சார்ஜ் நிக்குதெல்லோ."

இரண்டு கிழமையில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலு மாதம் பிடித்தது.

ஏன் அப்படியே ஓடாது என்பதை முதலில் சொல்கிறேன். ஜாவா மொழி ஒன்று, அதோடு வருகிற நூலகங்கள் வேறொன்று. 2008இல் அன்ட்ரொயிட் வெளிவந்தபோது மொழியும் அடிப்படை நூலகங்களில் ஒரு பகுதியும் அதற்குள் வந்தன. சொற்சரம், பட்டியல், கோப்பு, வலையமைப்பு எல்லாம் இருக்கிறது. கணினித் திரையை வரைகிற ஏடபிள்யூடியும் ஸ்விங்கும் இல்லை. ஓட்டுகிற இயந்திரமும் வேறு. கணினியில் ஜேவிஎம் என்ற ஜாவா இயந்திரம் வாசிக்கிற கிளாஸ் கோப்பை அது வாசிக்காது, டெக்ஸ் என்ற வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். போனில் அந்த இயந்திரமாகத் தொடக்கத்தில் டால்விக் இருந்தது, 2014இல் வந்த 5.0 பதிப்பில் இருந்து ஏஆர்டி. கிளாஸை டெக்ஸ் ஆக்குகிற வேலையை, செயலி எழுதும் கருவியான அன்ட்ரொயிட் ஸ்டூடியோ தானே செய்துவிடும், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். (இந்த நூலகங்களை வைத்துத்தான் ஜாவாவின் உரிமையாளரான ஒரக்கிள் 2010இல் கூகிள் மேல் வழக்குப் போட்டு, 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பதினொரு வருசம் லோயர்மாருக்கு நல்ல காலம்.)

ஆகவே உங்கள் நிரல் முழுவதிலும் ஸ்விங், ஏடபிள்யூடி என்ற இரண்டு நூலகங்களையும் இறக்குமதி செய்கிற வரிகளைத் தேடுங்கள். எந்தக் கோப்பில் அவை இல்லையோ அதுதான் இன்றைய கையிருப்பு. என்னிடம் எழுபதுக்குக் கிட்டக் கோப்பு இருந்தது. தேறினது ஒன்பது.

பட்டன், பெட்டி, அட்டவணை இருக்கிற கோப்புகள் போவது எதிர்பார்த்ததுதான். வயிற்றைக் கலக்கினது மற்றவை. கடனாளி என்ற வகுப்புக்குள் ஏடபிள்யூடியின் நிறம் இருந்தது, தவணை தாண்டின ஆளைச் சிவப்பில் காட்ட. தரவுத்தளத்தில் இருந்து சாமான் பட்டியல் எடுக்கிற முறை, பட்டியலைத் தராமல் ஸ்விங் அட்டவணைக்குரிய டீஃபோல்ட் டேபிள் மொடலைத் தூக்கித் தந்தது. எல்லாவற்றுக்கும் மேல், ஏழாம் பட்டன். நெட்பீன்ஸ் பாவித்தவர்களுக்குத் தெரியும், படிவத்தில் பட்டனை இழுத்துப் போட்டு இரண்டு தரம் கிளிக் பண்ணினால் அதுவே ஒரு முறையைத் திறந்து, "இங்கே எழுது" என்று குறிப்பும் போட்டுவிடும். நானும் நல்ல பிள்ளையாக அங்கேயே எழுதியிருக்கிறேன். பெட்டியில் இருக்கிற எழுத்தை எண்ணாக்குவது, கழிவு கணக்கிடுவது, பழைய கடனைக் கூட்டுவது, இருப்பில் குறைப்பது, பில்லை அச்சிடுவது, கடைசியில் பெட்டிகளைத் துடைத்து வெறுமையாக்குவது, எல்லாம் அந்த ஒரு முறைக்குள். முந்நூற்றுச் சொச்ச வரி. அந்த வியாபாரத்தின் கணக்கு முழுவதும் ஒரு பட்டனுக்குள்தான் இருந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் அன்ட்ரொயிட் ஸ்டூடியோவைத் திறந்து புதிதாக எழுதத் தொடங்குகிறார்கள். வேண்டாம். போனைத் தொடாமல், கணினியிலேயே பிரியுங்கள். அந்த ஏழாம் பட்டனுக்குள் கிடக்கிற கணக்கைத் தனி வகுப்புகளாக வெளியில் எடுத்து, பட்டன் அவற்றைக் கூப்பிட மட்டும் செய்யட்டும். கிரேடில் என்ற கட்டும் கருவியில் தூய ஜாவா நூலகமாக ஒரு தொகுதி வையுங்கள். அதற்குள் ஸ்விங்கும் வரக்கூடாது, அன்ட்ரொயிட்டும் வரக்கூடாது. பிரிக்கப் பிரிக்கப் பழைய மென்பொருளைக் கடையில் ஓட விடுங்கள். கழிவு ஒரு ரூபாய் பிழைத்தாலும் காசாளர் அக்கா அன்றைக்கே போன் எடுப்பா. எந்தச் சோதனைக் கருவியும் அப்படிக் கண்டுபிடிக்காது. எனக்கு இரண்டு மாதம் இதிலேயே போனது. ஆனால் போன் பக்கம் வந்தபோது அந்தத் தொகுதியில் ஒரு வரியும் மாற்றாமல் சேர்த்தேன்.

திரைகளை எழுதுவது நேரம் தின்கிற வேலை, கஷ்டமான வேலை இல்லை. ஜேஃப்ரேம் (யன்னல்) இருந்த இடத்தில் அக்டிவிட்டி (போன் திரை), ஜேடேபிள் (அட்டவணை) இருந்த இடத்தில் ரிசைக்ளர்வியூ (பட்டியல்). ஆனால் ஒரு இடம் மட்டும் என்னை நன்றாக ஏமாற்றியது.

ஸ்விங்கில் "இருப்புப் போதாது, தொடரவா?" என்று ஜேஒப்ஷன்பேன் என்ற கேள்விப் பெட்டி கேட்டால், ஆள் பதில் சொல்லும் வரைக்கும் நிரல் அந்த வரியிலேயே நிற்கும். ஓமா இல்லையா என்ற பதில் கைக்கு வந்த பிறகுதான் அடுத்த வரி. அன்ட்ரொயிட்டில் அதே வேலைக்கான அலர்ட்டயலொக்கைக் காட்டச் சொன்னால் சொன்ன கையோடு அடுத்த வரிக்குப் போய்விடும். பதில் பிறகு வேறொரு வழியால் வரும். நான் பழைய பழக்கத்தில், கேள்விப் பெட்டிக்குக் கீழே பதிவு செய்கிற வரியை அப்படியே விட்டுவிட்டேன். முதல் கிழமை பெடியன் ஊர்காவற்றுறையில் இருந்து போன் எடுத்தான்.

"அண்ணை, நான் இல்லை எண்டுதான் அமத்தினனான். உது பதிஞ்சுபோட்டுது."

நம்பவில்லை. "வடிவாப் பார்த்தனீயோ?" என்று அவனையே திருப்பிக் கேட்டேன். இரவு பார்த்தால், பெட்டி திரையில் வருவதற்கு முன்னமே ஓடர் தரவுத்தளத்துக்குள் போயிருக்கிறது. அவன் இல்லை என்று அமத்தினது வெறும் பெட்டியை மூடுவதற்குத்தான் உதவியிருக்கிறது. கடைசியில் கணக்குத் தொகுதியையே இரண்டாக வெட்டினேன். முதல் பாதி, "இதைப் பதியலாமா, பதிவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்" என்று மட்டும் சொல்லும். திரை கேட்கும். ஓம் என்று வந்தால் இரண்டாம் பாதியைக் கூப்பிடும். உங்கள் நிரலில் ஜேஒப்ஷன்பேன் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் இப்படி ஒரு வெட்டு.

அடுத்தது நினைவகம். கணினியில் சேமி என்ற பட்டனை அமத்தும் வரைக்கும் எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது, யன்னல் அங்கேயே நிற்கும். போனைத் திருப்பிப் பிடித்தாலே அக்டிவிட்டி அழிந்து திரும்பப் பிறக்கும். பெடியனிடம் இருந்தது 2 ஜிபி போன். நடுவில் அழைப்பு ஒன்று வந்து, அவன் கதைத்துவிட்டு கமராவையும் திறந்து பார்த்தால், எங்கள் செயலியைப் பின்னால் கொன்றுவிடும். நெடுந்தீவில் ஒரு கடையில் முப்பது வரி ஓடர் அப்படிப் போனது. கடைக்காரர் சிரித்துக்கொண்டு பழைய கொப்பியை நீட்டினாராம். இப்போது ஒவ்வொரு வரியும் சேர்த்த உடனே அரைகுறை ஓடர் என்று எஸ்கியூலைட் என்ற போன் தரவுத்தளத்துக்குள் போய்விடும். சேமி பட்டனே இல்லை.

தரவுக்கு வருகிறேன். எங்கள் ஊர்க்காரருக்கு இதுதான் பெரிய தலையிடி. பழைய தரவு மைக்ரோசொஃப்ட் அக்சஸில் இருந்தது. அதோடு கதைக்கப் பாவித்த ஜேடிபிசி-ஓடிபிசி பாலத்தை ஜாவா 8இல் எடுத்துவிட்டார்கள், அதனால் கடைக் கணினி ஜாவா 7ஐ விட்டு அசையவில்லை. அதை எஸ்கியூலைட்டுக்கு மாற்றுவது ஒரு பின்னேர வேலை. மாற்றின பிறகு பெயர்களைப் பார்த்தேன். எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில்.

பாமினியில் அடித்த தமிழ் உண்மையில் தமிழ் இல்லை, தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்து. "தமிழ்" என்று திரையில் தெரிகிற சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவைச் செயலியோடு சேர்த்துக் கட்டினால் காட்டலாம், ஆனால் போன் விசைப்பலகை அடிப்பது யுனிகோடு. பெடியன் கோபால் ஸ்டோர்ஸ் என்று தேடினால் ஒன்றும் வராது. வரிசைப்படுத்தினாலும் வேடிக்கைதான். பாமினியில் ஏகாரக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், அதனால் கோபாலும் நேசனும் பக்கத்துப் பக்கத்தில், கமலன் எங்கோ தூரத்தில்.

யுனிகோடாக மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. நீளமான கூட்டை முதலில் மாற்றுங்கள். கொம்பு, எழுத்து, கால் மூன்றும் சேர்ந்து "கோ" ஆவதைப் பிடித்த பிறகுதான் வெறும் "கா", அதன் பிறகு வெறும் "க". தலைகீழாகப் போனால் கொம்பு தனியாக அந்தரத்தில் நிற்கும். மற்றது, தரவு அட்டவணையின் ஒரே நெடுவரிசையில் ஆங்கிலமும் கலந்து அடித்திருப்பார்கள். நான் யோசிக்காமல் முழுவதையும் ஓட விட்டதில், லக்ஸ் என்று ஆங்கிலத்தில் இருந்தது "டுரஒ" ஆகிவிட்டது. முதலாளி கனநேரம் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலப் பெயர்களை முதலில் கையால் பிரித்து வையுங்கள், வேறு வழி இல்லை.

அச்சிடுவதிலும் தமிழ்தான் இடக்கு. புளூடூத்தில் ஓடும் சின்னச் சூட்டு அச்சுப்பொறிகளுக்குள் பொதுவாகத் தமிழ் எழுத்துரு கிடையாது. பில்லைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 58 மில்லிமீற்றர் தாளுக்கு அகலம் பெரும்பாலும் 384 புள்ளி. கணினியில் கிராஃபிக்ஸ்2டி கொண்டு வரைந்ததை இங்கே கன்வஸில் வரைகிறோம், அவ்வளவுதான். அன்ட்ரொயிட் 12 தொடக்கம் புளூடூத்துக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும், மறந்தால் அச்சு மட்டும் நிற்காது, செயலியே விழும்.

பில் இலக்கத்தை மறந்துபோனேன். ஒரு கணினி இருக்கும் வரைக்கும் தரவுத்தளம் தானே கூட்டிக்கொண்டு போகிற எண் போதும். இரண்டு போன் வந்த அன்றைக்கே இரண்டிலும் 1051ஆம் இலக்கப் பில். போனுக்கு ஓர் எழுத்து என்று முன்னால் போட்டுச் சமாளித்தேன்.

இவ்வளவும் வேண்டாம், வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. கோட்நேம் வன், குளூஓன் போன்றவை ஜாவாவிலேயே போன் திரை எழுத விடும். ஆனால் ஸ்விங் திரையை அப்படியே எடுக்காது, எப்படியும் திரும்ப எழுதத்தான் வேண்டும். அந்தப் பாட்டை நேரே அன்ட்ரொயிட்டிலேயே படலாம் என்பது என் எண்ணம். திரைகளைக் கொட்லின் என்ற மொழியில் எழுதுங்கள், ஜாவாக் கணக்குத் தொகுதியை அது பிரச்சினை இல்லாமல் கூப்பிடும். உங்கள் ஆட்கள் எப்போதும் வைஃபைக்குள்தான் இருப்பார்கள் என்றால் செயலியே தேவையில்லை, கணக்குத் தொகுதியைக் கடைக் கணினியில் வைத்து உலாவியில் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்குப் படகில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் அது சரிவரவில்லை.

பழைய மென்பொருளில் இருபத்துமூன்று யன்னல். போனில் நாலு திரை: கடை, சாமான், ஓடர், கடன். மிச்சம் பத்தொன்பதும் கடைக் கணினியில் இன்னும் ஸ்விங்கில்தான் ஓடுகிறது, அதே கணக்குத் தொகுதியைப் பாவித்துக்கொண்டு. ஒருவரும் அவற்றைப் போனில் கேட்கவில்லை. உங்கள் முதலாளியிடமும் எந்த யன்னலை வெளியில் கொண்டு போகப் போகிறார் என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் தரவும் பாமினிதானா? ஓம் என்றால் சொல்லுங்கள், என்னுடைய மாற்று அட்டவணையைத் தருகிறேன். "டுரஒ" திருத்தின பதிப்பு.