ஜீப்பின் வயது சேஸிஸில் இருக்கிறது

கேள்வி (பெருந்துறை): "1944 வில்லிஸ்" என்று சொல்லி எனக்கு ஒரு ஜீப்பை விற்றார்கள். டாஷ்போர்டில் உள்ள தகட்டிலும் 1944 என்றே இருக்கிறது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் 1969 என்று உள்ளது. முன் கிரில்லில் ஏழு திறப்புகள். பின்னால் இறக்கிவிடும் கதவும் உண்டு. எதை நம்புவது?

பதில்: தகட்டை நம்ப வேண்டாம். அதே போன்ற புதுத் தகடு விலைக்குக் கிடைக்கிறது. நான்கு திருகுகளில் மாட்டிவிடலாம். ஆர்.சி.யில் உள்ள ஆண்டும் முடிவான சாட்சியம் அன்று. இராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டிக்கு, அது பொதுமக்கள் கைக்கு வந்து பதிவான ஆண்டே பல நேரங்களில் எழுதப்பட்டிருக்கும்.

நீங்கள் சொல்லும் ஏழு திறப்புகளும் பின்கதவும், 1945-இல் தொடங்கிய சி.ஜே. வரிசை சிவிலியன் ஜீப்பின் அடையாளங்கள். போர்க்காலத்து வில்லிஸ் எம்.பி.க்கும் அதன் இரட்டையான ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ.வுக்கும் அழுத்தித் தயாரித்த கிரில்லில் ஒன்பது திறப்புகள் இருக்கும், பின்கதவு இருக்காது. பானெட் வழக்கத்தைவிட உயரமாக இருந்தால் அது சி.ஜே.3பி, உயரம் கூடிய புதிய எஞ்சினுக்காக மாற்றப்பட்ட அந்த வடிவம் 1953-க்கு முன் கிடையாது. மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கியதே 1940-களின் பிற்பகுதியில்தான்.

ஆனால் கிரில்லையும் பாடியையும் மாற்றிவிட முடியும் என்பதால், வண்டியைப் பட்டறைக் குழிமேல் ஏற்றி, சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். ஃபோர்டு வண்டியில் ஜி.பி.டபிள்யூ. என்று தொடங்கும் எண், முன்பக்க இடது சட்டத்தின் மேற்பரப்பிலேயே பஞ்ச் செய்யப்பட்டிருக்கும். வில்லிஸ் வண்டியில், முன் பம்பருக்குப் பின்னால், இடது சட்டத்தின் உட்புறத்தில் ரிவெட் அடித்த சிறு தகட்டில் எண் இருக்கும். ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாயாகவும், ஃபோர்டில் கவிழ்த்த "யு" வடிவிலும் இருக்கும். ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட "எஃப்" எழுத்தைப் பொறித்திருந்தது. இவற்றில் எதுவும் இல்லையென்றால், உங்களிடம் இருப்பது பிற்காலச் சிவிலியன் ஜீப். நல்ல வண்டிதான், ஆனால் 1944-க்கான விலையைக் கொடுத்திருந்தால், விற்றவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள்.

கேள்வி (கரூர்): 1965 அம்பாசடர் ஒன்றை "ஒரிஜினல் சேஸிஸ், மாற்றாதது" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸே கிடையாது, பாடியும் அடிப்பகுதியும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட வண்டி அது. இல்லாத பொருளுக்குக் கூடுதல் விலை எதற்கு?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): கைப்பேசியில் வந்த படங்களைப் பார்த்து, பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டேன். படத்தை வைத்து ஆண்டைச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. கோபிச் சந்தையில் மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் பணம் கொடுப்பீர்களா? மீதித் தொகையை நிறுத்திவைத்து, நேரில் போய், வண்டியைக் குழிமேல் ஏற்றிப் பாருங்கள். சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. அந்தச் சேஸிஸிலிருந்து இருபுறமும் நீண்டு பாடியைத் தாங்கும் பக்கவாட்டுக் கைகள்தாம் முதலில் துருப்பிடிக்கும். நான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹெரால்டை வாங்கினேன். மேலே கண்ணாடி போன்ற பெயின்ட். திருச்செங்கோட்டில் ஒரு பட்டறையில் தூக்கிப் பார்த்தபோது, அந்தக் கைகள் இருந்த இடத்தில் லாரி பாடி கட்டும் தகட்டை வெட்டிப் பற்றவைத்திருந்தார்கள். அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை. உங்கள் பணமாவது தப்பட்டும்.

கேள்வி (திருப்பூர்): பழுதுபார்க்கும்போது சேஸிஸ் எண் மங்கலாக இருக்கிறது, தேய்த்துவிட்டுப் புதிதாகப் பஞ்ச் அடித்தால் அழகாக இருக்கும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: கிரைண்டரை அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக விடாதீர்கள். நம் பகுதியில் நான் அதிகம் பார்க்கும் கொடுமை இதுதான். நேர்மையான வண்டியைத் திருட்டு வண்டி போல ஆக்கிவிடுகிறார்கள். பஞ்ச் அடிக்கும்போது எழுத்துக்குக் கீழேயுள்ள இரும்பும் நசுங்குகிறது. அதனால்தான் மேற்பரப்பை அரத்தால் தேய்த்த பிறகும், தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவிப் பழைய எண்ணை வெளிக்கொண்டுவர முடிகிறது. அதே இடத்தில் புது எண்ணை அடித்தால் பழைய தடமும் குழம்பிவிடும். பெயர் மாற்றத்துக்குப் போகும் நாளில், எண்ணின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரதி எடுக்கும் ஆய்வாளர் எழுத்தின் ஆழத்தையும் வரிசையையும் பார்த்துச் சந்தேகப்படுவார், அப்போது உங்கள் நேர்மையை நிரூபிக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடையுங்கள், நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள், பல கோணங்களில் படம் எடுங்கள். மணல் வீசிச் சுத்தம் செய்யும் முன் எண்ணின்மேல் டேப் ஒட்டச் சொல்லுங்கள். பட்டி பூச விடாதீர்கள். எண் உண்மையாகவே படிக்க முடியாமல் போயிருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, அவர்கள் அனுமதித்த பிறகே பஞ்ச் அடிக்க வேண்டும்.

கேள்வி (பொள்ளாச்சி): பழைய கார் விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் ஜீப் வாங்கினேன். சேஸிஸ் எண் இருக்கும் துண்டு வேறு வண்டியிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது என்று ஆய்வில் தெரிந்தது. என் அப்பாவின் ஓய்வூதியப் பணம் அதில் போயிருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கனத்தது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்தத் துண்டு திருட்டு வண்டியுடையதாக இருந்தால், நீங்கள் முன்வந்து சொன்னதே உங்களுக்குப் பாதுகாப்பு. வண்டியை விற்கவோ பிரிக்கவோ வேண்டாம். விற்றவர் வியாபாரி என்பதால், சொந்த உபயோகத்துக்கு வாங்கிய நீங்கள் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ரசீது, பணம் அனுப்பிய சான்று, விளம்பரத்தின் படம், ஆய்வாளர் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றை இன்றே நகலெடுத்து வையுங்கள்.

கேள்வி (ஈரோடு): என் தாத்தாவின் கார் 1958-இல் பதிவானது. விண்டேஜ் பதிவு, அதாவது பழமையான வண்டிகளுக்கான தனிப் பதிவு, கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும், சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. 2021-இல் வந்த விதிப்படி புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாம்; தினமும் சந்தைக்குப் போய்வர ஓட்டக் கூடாது.