நோ மேன்ஸ் ஸ்கை ஏமாற்றியது எங்கே? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 2016-இல் நோ மேன்ஸ் ஸ்கை என்ற விண்வெளி வீடியோ கேம் வந்தபோது 18 குவின்டில்லியன் கோள்கள் இருப்பதாகச் சொன்னார்கள். பத்துக் கோள்களில் இறங்கிப் பார்த்ததுமே எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அந்த எண்ணே பொய்யா?

பதில்: எண் உண்மைதான். 64 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது அது. நம் கணக்கில் 1,84,467 கோடி கோடி. ஒரு கோளுக்கு ஒரு நொடி என்று பார்த்தாலே சுமார் 58,000 கோடி ஆண்டுகள் ஆகும். ஆனால் இந்தக் கோள்கள் எந்த சர்வரிலும் சேமித்து வைக்கப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் 'சீட்' என்கிற ஓர் எண் இருக்கிறது. நீங்கள் நெருங்கும்போது உங்கள் கணினியே அந்த எண்ணை வைத்து மலை, கடல், செடி, விலங்கு எல்லாவற்றையும் கணக்கிட்டு வரைகிறது. கணக்கு ஒன்றே என்பதால் யார் போனாலும் அதே மலை அதே இடத்தில் நிற்கும். இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் உள்ள ஹலோ கேம்ஸ், வெளியீட்டின்போது சுமார் 15 பேரை வைத்துக்கொண்டு இதைச் சாதித்ததும் இப்படித்தான்.

ஒரே மாதிரி தெரிவதற்குக் காரணம் உறுப்புகள். உதாரணத்துக்கு 10 தலை, 10 உடல், 10 வகைக் கால், 10 நிறம் என்று வைத்துக்கொள்வோம். கலந்தால் 10,000 விலங்குகள் கிடைக்கும். கணக்குக்கு அவை வேறு வேறு. நம் கண்ணுக்கோ அதே பத்துத் தலைகள்தான் திரும்பத் திரும்ப வரும். நான்காவது கோளில் பார்த்த தலை ஒன்பதாவது கோளில் நீல நிறத்தில் வந்தால், "இதைப் பார்த்தாச்சே" என்றுதான் தோன்றும். கலவை எத்தனை என்பதை விட, கலக்கிற பொருள் எத்தனை என்பதே முக்கியம். டிரெய்லர்களில் முதல் எண் மட்டும்தான் பெரிதாக வந்தது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அடுத்த கோளுக்குப் போகக் காரணமே இருக்கவில்லை. தேவையான தனிமங்கள் ஏறக்குறைய எங்கும் கிடைத்தன, கட்டடங்களும் அதே வகைதான். 2014-இல் ஈ3 என்ற கேம் கண்காட்சியில் காட்டிய டிரெய்லரில் தண்ணீர் ஓரம் மேய்ந்த ராட்சத விலங்குகளையும், மரங்களை முட்டிச் சாய்த்த மிருகத்தையும் மனதில் வைத்து வந்தவர்களுக்கு அந்த அலுப்பு இரட்டிப்பாக வலித்தது. முதல் நாட்களில், கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரே நேரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள். இரண்டு மாதத்துக்குள் அது சில ஆயிரமாகச் சரிந்தது.

கேள்வி: ஹலோ கேம்ஸ் நிறுவனத் தலைவர் ஷான் மர்ரே பொய் சொன்னார் என்பது நியாயமா?

பதில்: பிற ஆட்டக்காரர்களைச் சந்திக்கும் விஷயத்தில் கோபம் நியாயமானது. முடியும், ஆனால் வாய்ப்பு மிக அரிது என்று வெளியீட்டுக்கு முன் பேட்டிகளில் சொல்லிவந்தார். விளையாட்டு வருவதற்கு ஒரு நாள் முன்புதான் இது மல்டிபிளேயர் விளையாட்டு அல்ல என்று ட்விட்டரில் எழுதினார். வெளியான உடனேயே இருவர் ஒரே கோளில் ஒரே இடத்தில் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. அது 'அரிது' அல்ல, அந்த வசதியே இல்லை. 60 டாலர் வாங்கும் முன் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

விளம்பரம் பற்றிய புகார்களை பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு விசாரித்து, ஸ்டீம் பக்கம் தவறாக வழிநடத்தவில்லை என்று 2016 நவம்பரில் முடிவு சொன்னது. ஆனால் அந்த விசாரணை ஸ்டீம் பக்கத்தைப் பற்றியது. மூன்று ஆண்டுப் பேட்டிகள் கிளப்பிய எதிர்பார்ப்பு அதற்குள் அடங்காது.

கேள்வி: இப்போது வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். 2016 நவம்பர் ஃபவுண்டேஷன் அப்டேட்டில் தளம் கட்டும் வசதி வந்தது. 2018 ஜூலை நெக்ஸ்ட் அப்டேட்டில் முழு மல்டிபிளேயரும், 2019 ஆகஸ்ட் பியாண்டில் விஆரும் (கண்ணில் மாட்டும் கருவியோடு ஆடும் வசதி) வந்தன. இந்த அப்டேட்டுகள் எல்லாமே இலவசம். ஸ்டீமில் வாங்கினால் 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கும்போதே பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். தொடக்கப் பாடமே கணிசமான நேரத்தை விழுங்கிவிடும், கடிகாரத்தைக் கவனியுங்கள்.

கேள்வி: புதிதாகத் தொடங்கினேன். கப்பல் மேலெழ எரிபொருள் அடிக்கடி தீர்ந்துபோகிறது, புயலில் செத்துப்போகிறேன்.

பதில்: சாதாரண நிலத்திலிருந்து ஒவ்வொரு முறை மேலெழும்போதும் லாஞ்ச் த்ரஸ்டரில் 25% செலவாகும். நான்கு முறை இறங்கி ஏறினால் தொட்டி காலி. மலைக்கு மலை தாவாமல் ஒரே இடத்தில் இறங்கி நடந்து தேடுங்கள். விண்வெளி நிலையத்திலோ வணிகத் தளத்தின் மேடையிலோ இறங்கினால் திரும்ப மேலெழ எரிபொருள் செலவே இல்லை. எரிபொருள் செய்ய 40 டை-ஹைட்ரஜனும் ஒரு மெட்டல் பிளேட்டிங்கும் வேண்டும். டை-ஹைட்ரஜன் நீலப் படிகங்களில் கிடைக்கும். பிளேட்டிங்குக்கு 50 ஃபெரைட் தூள். பாறைகளை உடைத்தாலே சேரும்.

புயல் அறிவிப்பு வந்ததும் கப்பலுக்கோ குகைக்கோ போய்விடுங்கள். இரண்டும் தொலைவில் இருந்தால் டெரைன் மேனிபுலேட்டரால் தரையைச் சாய்வாகக் குடைந்து உள்ளே போங்கள். தலைக்கு மேல் மண் இருந்தால் உடையின் பாதுகாப்பு அளவு மெல்ல ஏறும். பாதுகாப்புக்கு மஞ்சள் செடியின் சோடியம், மூச்சுக்குச் சிவப்புச் செடியின் ஆக்ஸிஜன். இவற்றை மாற்றி நினைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் குவிப்பவர்கள்தான் அதிகம் சாகிறார்கள்.

கையில் நானைட் (மேம்பாடுகள் வாங்குவதற்கான தனி நாணயம்) சேர்ந்ததும் முதலில் ஸ்கேனருக்கான மேம்பாட்டுத் துண்டுகளை விண்வெளி நிலையத்தில் வாங்குங்கள். அதன்பின் ஒவ்வொரு புதிய விலங்கையும் ஸ்கேன் செய்தாலே பல்லாயிரம் யூனிட் (விளையாட்டின் பொதுப் பணம்) வரும். கோள் கோளாகச் சுற்றுவதற்கு இப்போது ஒரு நல்ல காரணம் இருக்கிறது.

கேள்வி: இதே நிறுவனம் 2023 டிசம்பரில் லைட் நோ ஃபயர் என்று, பூமி அளவுள்ள ஒரே கோளில் நடக்கும் விளையாட்டை அறிவித்ததே, அதை நம்பலாமா?

பதில்: தொழில்நுட்பத்தை நம்பலாம்; பத்தாண்டு அப்டேட்டுகளில் அதை நிரூபித்துவிட்டார்கள். பணத்தை மட்டும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். வெளியான பின் சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் வெட்டாமல் ஒட்டாமல் பதிவுசெய்த மூன்று மணி நேர வீடியோவைத் தேடிப் பாருங்கள். மூன்றாவது மணி நேரத்தில் அவர் செய்யும் வேலை முதல் மணி நேரத்தில் செய்ததிலிருந்து வேறுபடுகிறதா என்று பாருங்கள். வேறுபட்டால் வாங்குங்கள்.