பழைய ட்ரம் மெஷின் வாங்குமுன்: கேள்வி-பதில்

கேள்வி: ஹிப்ஹாப் பாட்டுகளில் வருகிற, நீளமாக அதிர்ந்து சுருதி வழுக்கி இறங்கும் '808' பேஸ் எனக்கு வேண்டும். அசல் ரோலண்ட் டிஆர்-808 ட்ரம் மெஷின் (ட்ரம் ஒலிகளை மின்னணுவில் எழுப்பும் பெட்டி) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

அந்த ஒலிக்காக மட்டும் என்றால் வேண்டாம். அசல் 808-இன் கிக்குக்கு (பேஸ் ட்ரம் ஒலிக்கு) லெவல், டோன், டிகே (ஒலி அடங்கும் நேரம்) என மூன்றே குமிழ்கள். சுருதியை மாற்றும் குமிழே அதில் கிடையாது. நீங்கள் கேட்கும் பேஸ், அந்தக் கிக்கைச் சாம்பிள் எடுத்து (ஒலித்துண்டாகப் பதிந்து), நீட்டி, கீபோர்டில் ஸ்வரமாக வாசித்து, மேலே கொஞ்சம் டிஸ்டார்ஷன் ஏற்றிச் செய்தது. நல்ல சாம்பிள் பேக்கும் ஒரு சாம்பிளர் மென்பொருளும் இருந்தால் காரியம் முடிந்தது.

808 தயாரிப்பில் இருந்தது 1980 முதல் 1983 வரைதான். மொத்தம் சுமார் 12,000 பெட்டிகள். நிஜ ட்ரம் மாதிரி இல்லை என்று அன்று பலர் ஒதுக்கினார்கள். அதனால் செகண்ட் ஹேண்டில் விலை சரிந்து, காசில்லாத இளைஞர்கள் கைக்கு வந்தது. ஹிப்ஹாப் முன்னோடி ஆஃப்ரிகா பம்பாட்டா, சோல் பாடகர் மார்வின் கே இருவரும் 1982-இல் இதை வைத்துத்தான் பாட்டுப் போட்டார்கள். அதே ஆண்டில் பாலிவுட் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் இதன் தாளத்தின் மேல் ராகங்களை வாசித்து ஒரு ஆல்பமே பதிவு செய்தார். இன்று கேட்கும் விலையில் பெரும்பங்கு இந்தச் சரித்திரத்துக்கு, ஒலிக்குக் கொஞ்சம்தான்.

கேள்வி: இல்லை, அசலேதான் வேண்டும். "எல்லாம் வேலை செய்கிறது" என்கிறார் விற்பவர். நேரில் போய் எதைச் சோதிப்பது?

பவர் போட்டுப் பத்து நிமிடம் சூடாக விடுங்கள். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடானதும் தடுமாறும் பெட்டிகள் உண்டு.

அடுத்து, தாளத்தின் படிக்கு ஒன்றாக உள்ள 16 ஸ்டெப் பட்டன்களையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒரு முறை அழுத்தினால் விளக்கு ஒரு முறை மாற வேண்டும். இரண்டு முறை மாறினாலோ, அழுத்தி அழுத்திப் பார்த்தபின் வந்தாலோ பட்டன் தேய்ந்திருக்கிறது. அது பெரிய செலவில்லை. பேரம் பேச உதவும்.

ஒலிகளைக் கேட்கும்போது எவை எவை சேர்ந்து கெட்டிருக்கின்றன என்று பாருங்கள். ஸ்னேரின் 'ஸ்னாப்பி' இரைச்சல், க்ளாப், மராகாஸ் மூன்றும் ஒரே நேரத்தில் சோகையாக இருந்தால், மூன்றுக்கும் பொதுவான நாய்ஸ் டிரான்ஸிஸ்டர் போய்விட்டது. ரோலண்ட் அதில் போட்டது, இரைச்சலுக்காகவே தனியாகப் பொறுக்கி எடுத்த டிரான்ஸிஸ்டர். எண் பார்த்து வேறொன்றை வாங்கிப் போட்டால் அதே 'சீறல்' வராது. ஹைஹாட், சிம்பல், கவ்பெல் எல்லாம் சேர்ந்து கெட்டிருந்தால் கவலை குறைவு: அவை ஆறு சதுர அலை ஆஸிலேட்டர்களைப் பகிர்ந்துகொள்கின்றன, அந்த ஆறும் கடையில் கிடைக்கும் சாதாரண ஐசி ஒன்றில் அடங்குபவை. ஒரே ஒரு ஒலி மட்டும் கெட்டிருந்தால், பெரும்பாலும் அதன் சுற்றில் ஒரு கெப்பாசிட்டரோ டிரான்ஸிஸ்டரோதான்.

விளக்குகள் கண்டபடி எரிந்து, எந்தப் பட்டனுக்கும் பதில் இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள். மூளையாக இருப்பது, உற்பத்தியின்போதே ப்ரோகிராம் பதித்த என்.இ.சி. சிப். புதிதாக வாங்க வழியில்லை. இன்னொரு செத்த பெட்டியிலிருந்துதான் கழற்ற வேண்டும்.

எல்லா ஒலியும் கலந்து வரும் மாஸ்டர் அவுட்டில் ஒரு ஒலி மட்டும் வரவில்லையா? பதறாதீர்கள். பின்னால் உள்ள தனி அவுட்டில் ப்ளக் செருகினால் அந்த ஒலி மாஸ்டரிலிருந்து விலகும்படி அமைத்திருக்கிறார்கள். ஜாக்கின் உள் தொடர்பில் அழுக்கேறினால், ப்ளக் இல்லாதபோதும் ஒலி காணாமல் போகும். ப்ளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். பல நேரம் திரும்பிவிடும்.

கடைசியாக, பேட்டரி மூடியைத் திறந்தே ஆக வேண்டும். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கசிவு. கம்பிச்சுருளோடு நின்றிருந்தால் சில சொட்டு வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யலாம். சர்க்யூட் போர்டு வரை ஊர்ந்திருந்தால் செப்புக் கோடுகளை அரித்திருக்கும். அப்போது விலையை நன்றாகக் குறைத்தால் மட்டும் பேசுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. ஏதும் சிக்கலா?

பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டு மாடல் என்றால் 100 வோல்ட். அதை 230 வோல்ட்டில் நேராகச் செருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஃப்யூஸோடு போகும், இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரே கருகும். தகட்டில் எழுதிய வாட்டைப் போல இரண்டு மடங்கு திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். ஹேர் ட்ரையருக்காக விற்கும் எடையில்லாத பயண கன்வெர்ட்டர் கூடவே கூடாது. அது தருவது ஒழுங்கான அலை அல்ல. 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று குழம்ப வேண்டாம். ஜப்பானிலேயே இரண்டும் உண்டு.

கேள்வி: 808-இல் ஐந்து முள் சாக்கெட் இருக்கிறது. மிடி (இசைக் கருவிகளையும் கணினியையும் இணைக்கும் முறை) கேபிள் போட்டும் கணினியோடு சேர்ந்து ஓடவில்லை. பழுதா?

பழுதில்லை. சாக்கெட் ஒன்றுதான், மொழி வேறு. மிடி வந்தது 1983-இல். 808 அதற்கு முந்தையது. அதில் இருப்பது டின் சின்க் (DIN sync) என்னும், கருவிகளை ஒரே வேகத்தில் ஓட்டும் பழைய முறை: ஒரு கம்பியில் ஸ்டார்ட்-ஸ்டாப், இன்னொன்றில் கால் நோட்டுக்கு 24 துடிப்பு. நடுவே மிடியை டின் சின்க்காக மாற்றும் சிறு பெட்டி தேவை. கேபிளிலும் பொறி இருக்கிறது. பல மிடி கேபிள்களில் நடுவிலுள்ள மூன்று முள்களுக்கு மட்டுமே கம்பி ஓடும். சின்க்குக்கு வேண்டிய ஓர முள்கள் வெறுமையாக இருக்கும். ஐந்துக்கும் கம்பி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பின்னால் சின்க் சுவிட்ச் 'இன்' பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோர்க் நிறுவனத்தின் டின் சின்க் பெட்டியையும் சேர்க்கிறீர்கள் என்றால், அது எதிர்பார்ப்பது 48 துடிப்பு. 24 கொடுத்தால் பாதி வேகத்தில் நடக்கும்.

கேள்வி: லின்ட்ரம் (இன்னொரு பழைய ட்ரம் மெஷின்) ஒன்றில் சிம்பல் மட்டும் கரகரக்கிறது. வாங்கலாமா?

கரகரப்பு ஒரே ஒலியில் என்றால் தயங்க வேண்டாம். லின்ட்ரம் நிஜ ட்ரம்களின் பதிவை ஈப்ராம் என்னும் நினைவகச் சிப்புகளில் வைத்திருக்கிறது. அவற்றின் கண்ணாடி ஜன்னலை மூடிய ஸ்டிக்கர் உரிந்து வெளிச்சம் பட்டாலோ, வயதாலோ, தரவு உதிர ஆரம்பிக்கும். அதே தரவைப் புதுச் சிப்பில் எழுதி மாற்றினால் ஒலி பழையபடி வந்துவிடும். 808-இன் நாய்ஸ் டிரான்ஸிஸ்டரோடு ஒப்பிட்டால் இது சுலப வைத்தியம்.

கேள்வி: 808-ஐ நிறுத்தினால் பதிந்து வைத்த தாளப் பேட்டர்ன் எல்லாம் அழிந்துவிடுகிறது. திருப்பிக் கொடுக்கவா?

நினைவகத்துக்கு ஏஏ பேட்டரி மூன்று வேண்டும், தீர்ந்திருக்கும். பவர் ஓடும்போதே மாற்றினால் உள்ளிருப்பது அழியாது. மாதக்கணக்கில் தொடப் போவதில்லை என்றால், பேட்டர்ன்களைத் தாளில் குறித்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.