அறைத்தோழியின் ஏ கிரேடு

அன்புள்ள சார்,

வட இந்தியாவில் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் எம்பிஏ முதலாண்டு படிக்கிறேன். கோவையில் பொறியியல் முடித்து, ஐடி வேலையை விட்டுவிட்டு கேட் (CAT) நுழைவுத்தேர்வு எழுதி வந்தவள். இங்கே எல்லாமே ரிலேட்டிவ் கிரேடிங், அதாவது எடுத்த மதிப்பெண்ணை வைத்து இல்லை, வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதை வைத்துத்தான் கிரேடு. என் அறைத்தோழி பி.காம் படித்தவள், புள்ளியியல் என்றாலே அவளுக்குப் பயம். முதல் டெர்ம் முழுக்க ராத்திரி உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ரிசல்ட் வந்தபோது அவளுக்கு ஏ மைனஸ், எனக்கு பி பிளஸ். அரை மதிப்பெண்தான் வித்தியாசம். அவள் என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

அதற்குப் பிறகு என் நோட்ஸை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நிறுத்திவிட்டேன். இங்கே பலரும் அப்படித்தான். நூலகத்தில் இருக்கும் ஒரே பிரதியை வேறு அலமாரியில் ஒளித்து வைப்பவர்களும் உண்டு. ரிலேட்டிவ் கிரேடிங்கைச் சுருக்கி ‘ஆர்ஜி பண்றது’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வெளியே தொழிலும் போட்டிதானே, இங்கேயே பழகிக்கொள்வதில் என்ன தப்பு என்கிறார்கள். நான் செய்வது தவறா?

கே.

அன்புள்ள கே.,

நோட்ஸை நிறுத்தியது தவறு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்துக்கு உங்களைத் தள்ளியது எது என்று பேசாமல் உங்களை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. ஒரு மேலாண்மைக் கல்லூரிக்குக் கணக்கியல் பாடம் எடுக்கப் போய்வருகிறேன். மதிப்பெண் போடும் பக்கம் உட்கார்ந்து பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. வகுப்பில் 60 பேர், ஏ கிரேடு 9 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 12-வது இடம், தோழி 30-வது இடம். உங்கள் உதவியால் அவர் 8-வது இடத்துக்கு ஏறினால் நீங்கள் 13-க்குப் போவீர்கள். உங்கள் கிரேடு மாறாது. நீங்கள் சரியாக 9-ல் நின்றிருந்தால் மட்டும்தான் அடி விழும். ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதால் அதிகபட்சம் போவது ஒரே ஒரு இடம். கதவைச் சாத்திக்கொண்டால் போவது அதைவிட அதிகம். பொறியியல் படித்தவர்கள் டெபிட், கிரெடிட்டில் திணறுவதை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்களைக் கரையேற்றுவது பெரும்பாலும் நான் இல்லை, பக்கத்து அறையில் இருக்கும் பி.காம்காரர்தான்.

உங்கள் விஷயத்தில் ஏ-யையும் பி-யையும் பிரிக்கும் கோடு உங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்துவிட்டது. அந்த அரை மதிப்பெண் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லோருடைய மொத்த மதிப்பெண்ணையும் எக்செல்லில் மேலிருந்து கீழாக அடுக்குவோம். ஏ இத்தனை பேரைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கும். அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எங்காவது இடைவெளி விழுந்திருக்கிறதா என்று தேடுவோம். விழுந்திருந்தால் நிம்மதி. பல நேரம் 72, 71.5, 71.5, 71, 71, 70.5 என்று நெருக்கியடித்துக்கொண்டுதான் இருக்கும். எங்காவது ஓரிடத்தில் கோட்டைப் போட்டே ஆக வேண்டும். காலையில் திருத்திய தாளையே மாலையில் மறுபடி எடுத்தால் இரண்டு மதிப்பெண் முன்னே பின்னே ஆகும். லட்சக்கணக்கானோர் எழுதும் கேட் தேர்வில் வடிகட்டி எடுத்த மாணவர்களுக்கு நடுவே, இந்த அரை மதிப்பெண் எந்தத் திறமையைக் காட்டுகிறது? எதையும் இல்லை. அறைத்தோழி உங்களை முந்திவிட்டார் என்று நம்பாதீர்கள், நீங்கள் பின்தங்கிவிட்டதாகவும் நம்பாதீர்கள்.

அப்படியானால் இந்த முறை எதற்கு? அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே பாடத்தை இரண்டு பிரிவுக்கு இரண்டு பேர் எடுப்பார்கள். ஒருவர் மதிப்பெண்ணை அள்ளிப்போடுவார், இன்னொருவர் கிள்ளிப்போடுவார். கேள்வித்தாள் ஒரு வருடம் கடினமாக அமைந்துவிடும். இதையெல்லாம் சமன்செய்ய ஒரு வழி வேண்டும். அதோடு, கல்லூரிகள் எல்லோருக்கும் ஏ கொடுக்க ஆரம்பித்தால் கிரேடுக்கு மரியாதை இருக்காது என்ற பயமும் உண்டு. பயம் நியாயமானதுதான். ஆனால் இலையை எண்ணிப் போட்டுவிட்டுப் பந்திக்குக் கூப்பிட்டால் வருபவர்கள் முட்டிமோதத்தான் செய்வார்கள்.

ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் நெடுங்காலமாக இருந்துவரும் முறையைப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்திலும் மேலே உள்ள 15 முதல் 20 சதவீதம் பேருக்கு ‘1’, கடைசி 10 சதவீதம் அளவுக்கு ‘3’, நடுவில் உள்ளவர்களுக்கு ‘2’. முதலாண்டில் பல பாடங்களில் பாதி மதிப்பெண் வகுப்பில் பேசுவதற்கு. ஒரு செக்‌ஷனில் 90 பேர், ஒரு வகுப்பு 80 நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது! பக்கத்தில் இருப்பவர் நல்ல கருத்து சொன்னால் அதை ரசிப்பதற்கு முன் ‘நான் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டாரே’ என்று மனசு பதறும். 1961-ல் அகமதாபாத் ஐஐஎம் ஹார்வர்டின் துணையோடுதான் உருவானது. நிறுவனங்களின் நிஜப் பிரச்சினைகளை வகுப்பில் விவாதித்துப் படிக்கும் கேஸ் முறை அந்த வழியாகத்தான் இங்கே வேரூன்றியது. இன்று நம் ஊர் வகுப்பறைகளிலும் மதிப்பெண்ணுக்காகவே கையைத் தூக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை.

‘வெளியேயும் போட்டிதானே’ என்கிறார்களே, அதற்கு வருகிறேன். வெளியே இதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தை நடத்திய ஜெஃப்ரி ஸ்கில்லிங் 1979-ல் ஹார்வர்டில் முதல் 5 சதவீதத்துக்குள் வந்து முடித்தவர். அவர் காலத்தில் என்ரான் ஊழியர்களை 1 முதல் 5 வரை தரம் பிரித்தது. கடைசி வரிசையில் வருபவர்களின் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. தகவலைப் பகிர்வது தனக்கே ஆபத்து என்று ஆட்கள் பழகிக்கொண்டார்கள். 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. அந்த வீழ்ச்சிக்கு முதல் காரணம் கணக்கு மோசடி, தரவரிசை அல்ல. ஆனால் கெட்ட செய்தியை யாரும் வாய்விட்டுச் சொல்லாத அலுவலகம் மோசடிக்கு வசதியானது. மைக்ரோசாஃப்டும் இதே மாதிரி ஒரு தரவரிசை முறையை வைத்திருந்தது. 2013 நவம்பரில் அதைக் கைவிட்டது. வெளியே நடக்கும் போட்டி, இன்னொரு நிறுவனத்தோடு நடப்பது. ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பவரோடு போட்டி போட்டு எந்தத் தொழிலும் வளர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மாணவர்களால் இதை எதிர்க்க முடியாது என்று நினைக்க வேண்டாம். 2012-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி மாணவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பேராசிரியர் பீட்டர் ஃப்ரோலிக்கின் விதிப்படி வகுப்பில் யார் எடுத்தது அதிகமோ அதுதான் நூறு, மற்றவர்களை அதற்கேற்ப ஏற்றுவார். எல்லோரும் பூஜ்யம் எடுத்தால் பூஜ்யம்தானே அதிகபட்சம்! தேர்வு அறைக்கு வெளியே மொத்த வகுப்பும் நின்றது, ஒருவரும் உள்ளே போகவில்லை. ஒரே ஒருவர் போயிருந்தாலும் மற்றவர்கள் கதை முடிந்திருக்கும். பேராசிரியர் சொன்ன சொல் தவறாமல் எல்லோருக்கும் நூறு கொடுத்தார், பிறகு விதியை மாற்றிக்கொண்டார். உங்கள் கல்லூரியில் இது நடக்காது, இடங்களை எண்ணிக் கொடுக்கும் முறையில் அந்த ஓட்டை கிடையாது. எனக்கு இதில் பிடித்தது அந்த ஓட்டை அல்ல. ஒருவரையொருவர் நம்பி அவ்வளவு பேர் வெளியே நின்றார்களே, அதுதான்.

அமெரிக்காவின் வார்ட்டன் மேலாண்மைக் கல்லூரியில் மாணவர்களே கூடி முடிவெடுத்து, 1994 முதல் வேலைக்கு எடுக்க வரும் நிறுவனங்களிடம் கிரேடைச் சொல்வதில்லை என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஹார்வர்டும் 1998-ல் அதைக் கொண்டுவந்து, 2005 இறுதியில் கைவிட முடிவெடுத்தது. மாணவர்கள் படிப்பில் அசட்டையாகிவிடுவார்கள் என்பது இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம், அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எனக்கு இன்னும் நல்லதாகப் படுவது, அதே வார்ட்டனில் பேராசிரியர் ஆடம் கிரான்ட் செய்தது. தேர்வில் மிகக் கடினமான கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், யாருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்களோ அந்த வகுப்புத்தோழரின் பெயரை எழுதலாம். அவர் சரியாக எழுதியிருந்தால் இருவருக்கும் மதிப்பெண். யாருக்கு எது தெரியும் என்று தெரிந்துவைத்திருப்பதே அங்கே படிப்பின் ஒரு பகுதி ஆகிவிட்டது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. நோட்ஸை மறுபடி குழுவில் போடுங்கள். யார் பதிலுக்குப் போடுகிறார்கள் என்று கணக்குப் பார்க்காதீர்கள். ஏ இத்தனை பேருக்குத்தான் என்ற கோட்டாவைக் கல்லூரி முழுக்க எடுக்கச் சொன்னால் நிர்வாகம் கேட்காது. குழுவாகச் செய்யும் அசைன்மென்ட்களுக்கு மட்டும் தரத்தை முன்கூட்டியே எழுதி அறிவித்து, அதை எட்டும் எல்லாக் குழுக்களுக்கும் ஏ கொடுங்கள் என்று கேட்கலாம். கல்விக்குழுவில் மாணவர் பிரதிநிதி இருந்தால் அவர் வழியாகக் கொடுங்கள், இல்லையென்றால் வகுப்பில் பாதிப் பேராவது கையெழுத்துப் போடட்டும். மனுவை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.