‘லீவு வேண்டாம்’ என்று அழுகிறாள்

கேள்வி: குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் லைனில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) இருக்கிறோம். போன நவம்பரில் ராத்திரி மண் சரிந்து எங்கள் சமையலறைச் சுவர் போய்விட்டது. நாங்கள் தப்பித்தோம், பக்கத்து வீட்டுத் தாத்தா தப்பவில்லை. பத்து நாள் முகாமில் இருந்துவிட்டு இப்போது வேறு லைனில் குடியிருக்கிறோம். இரண்டாவது படிக்கும் மகள் நடுவில் தேறிவிட்டாள் என்றுதான் நினைத்தோம். இந்த வருஷ மழை தொடங்கியதும் மறுபடி படுக்கையை நனைக்கிறாள். பொம்மையை மண்ணில் புதைப்பதும் தோண்டி எடுப்பதுமே விளையாட்டு. மழை வலுத்தால் ‘லீவு வேண்டாம், லீவு வேண்டாம்’ என்று அழுகிறாள். மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். அந்த விளையாட்டை நிறுத்திவிடலாமா?
- பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்: பொம்மை விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ‘லீவு வேண்டாம்’தான்.

மலையில் வளர்கிற பிள்ளைகள் தகரக்கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் என்ன வேண்டிக்கொண்டு படுப்பார்கள்? நாளைக்குக் கலெக்டர் லீவு விடணும் சாமி. நானும் வேண்டியிருக்கிறேன். உங்கள் மகளும் அன்று ராத்திரி அப்படி வேண்டியிருக்கலாம். விடிவதற்குள் மண் வந்துவிட்டது, தாத்தா இல்லை, லீவும் விட்டாயிற்று. ஆறேழு வயதில், தான் நினைத்ததால்தான் ஒன்று நடந்தது என்று நம்புவது சகஜம். தன் மேல்தான் தப்பு என்று ஒரு வருஷமாக அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். கேட்டுத்தான் பார்க்க வேண்டும். எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். தலை வாரும்போதோ பட்டாணி உரிக்கும்போதோ, “மழை வரணும்னு நாம வேண்டிக்கிட்டதாலதான் அப்படி ஆச்சுன்னு சில பிள்ளைங்க நினைச்சுக்குவாங்களாம். உனக்கு அப்படித் தோணுச்சா?” என்று போகிற போக்கில் கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். தலையை ஆட்டினால், “அட பைத்தியமே” என்று சிரித்துவிட வேண்டாம். “இவ்வளவு நாள் தனியாவா இதை வச்சிருந்த?” என்று சொன்னால் போதும்.

பிறகு, மண் ஏன் சரிகிறது என்று காட்டுங்கள். வாசலில் இரண்டு மண்மேடு கட்டுங்கள். ஒன்றில் வேரோடு புல்லை நடுங்கள், இன்னொன்றை வெறுமனே விடுங்கள். இரண்டிலும் குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால், தண்ணீர் குடித்துக் கனத்த மண் எப்படி வழுகும் என்று அவளே பார்த்துக்கொள்வாள். 2009 நவம்பரில் நம் நீலகிரியில் உள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதையும் சொல்லுங்கள். அளவுகோலை வைத்துக் காட்டினால் அவள் இடுப்புக்கு மேல் வரும். அத்தனை மழையை ஒரு பிள்ளை வேண்டி வரவழைக்க முடியாது என்று அவளுக்கே புரியும்.

சரி, பொம்மை. நிறுத்தாதீர்கள். பெரியவர்கள் நடந்ததைப் பத்துப் பேரிடம் பேசி ஆற்றிக்கொள்கிறோம், குழந்தை விளையாடி ஆற்றிக்கொள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, “இப்ப பொம்மைக்கு உதவ யார் வருவாங்க?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு மேட்டு வீட்டுக்கு ஓடினால், கதை நகர்கிறது என்று அர்த்தம். மாதக்கணக்கில் ஒரே மாதிரி புதைத்து, விளையாடி முடித்ததும் இன்னும் படபடப்பானால், அதற்கு வெளி உதவி தேவை.

“இனிமேல் மண் வராது” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். நீலகிரியில் யாரும் கொடுக்க முடியாத வாக்கு அது. பொய்த்தால் உங்கள் மற்ற வார்த்தைகளையும் நம்ப மாட்டாள். மழை வலுத்தால் எந்த வீட்டுக்குப் போகப் போகிறோம், டார்ச் எங்கே, ரேஷன் கார்டு பையை யார் எடுப்பது என்று சொல்லி, டார்ச்சை அவள் பொறுப்பில் விடுங்கள். சுவரிலோ தரையிலோ புது விரிசல், சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர் இதையெல்லாம் பார்த்தால் பெரியவர்கள் உடனே கிளம்பிவிடுவோம் என்பதும் அவள் காதில் விழட்டும்.

படுக்கை நனைவதற்குத் திட்டோ கேலியோ கூடாது. ரப்பர் ஷீட் போடுங்கள், காலையில் சத்தமில்லாமல் அலசிவிடுங்கள். சிறுநீரில் கிருமி இருந்தாலும் இப்படி ஆகும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். இன்னொன்று, வீட்டுக்காரர் போனில் 2024 வயநாடு நிலச்சரிவு வீடியோக்கள் இன்னும் ஓடுகின்றனவா? சின்னப் பிள்ளைக்கு அது பழைய காட்சி இல்லை. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் புதிதாக ஒரு மலை சரிகிறது.

மாமியாரோடு சண்டை வேண்டாம். பாட்டி மடியில் உட்கார்ந்து திருநீறு பூசிக்கொள்வதில் நஷ்டமில்லை. ‘காத்துக் கருப்பு’ என்று அவள் காதுபடப் பேசாமல் இருந்தால் சரி.

ஆபத்து முடிந்த முதல் சில வாரங்களில் இந்த மாதிரி பயம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வரும், தானாகவே குறையும். அதே மழை திரும்பும்போது கொஞ்சம் தலைதூக்குவதும் உண்டு. ஆனால் உங்களுக்கு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இனி மூன்று நான்கு வாரத்தில் தணியவில்லை என்றாலோ, சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் கெட்டாலோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். செத்துப்போகணும் என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கட்டணமில்லை, ராத்திரியிலும் தமிழில் பேசலாம். அந்த எண் உங்களுக்கும்தான். சுவர் விழுந்த வீட்டில் இருந்தவர் நீங்களும்தானே, கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த மழைக்கு முதல் லீவு விட்ட அன்று அவள் என்ன செய்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.