மாடல் விமானப் புரொப்பெல்லர்: விட்டமா, பிட்ச்சா? கேள்வி பதில்

கேள்வி: புரொப்பெல்லரில் 10x5 என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது எண் எதைக் குறிக்கிறது?

பதில்: முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்), இரண்டும் அங்குலத்தில். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல் வழுக்காமல் சென்றால் ஒரு சுற்றுக்கு 5 அங்குலம் முன்னேறும். நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் மணிக்கு 61 கி.மீ. வழுக்கல் இருப்பதால் விமானம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் பறக்கும். மெதுவான பயிற்சி விமானத்துக்கு 10x8 மாட்டிவிட்டு, "ஓடுகிறது, எழும்ப மறுக்கிறது" என்று வருகிறார்கள். பிட்ச் மிகுந்தால், நிற்கும் நிலையில் பிளேடு காற்றைச் சரியாகக் கவ்வாது. வேகம் பிடித்த பிறகே முன்னிழுக்கும் விசை கூடும்.

கேள்வி: 10-க்குப் பதில் 11 போடலாமா? ஓர் அங்குலம்தானே?

பதில்: அந்த ஓர் அங்குலத்தில்தான் மோட்டார் கருகுகிறது. அதே பிட்ச்சில், அதே சுழல்வேகத்தில், தேவைப்படும் சக்தி ஏறத்தாழ விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். கணக்கிட்டால் 46 சதவீதம் கூடுதல்! மின் மோட்டார் கரண்ட்டை அள்ளி இழுக்கும், இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) கொதிக்கும். கிளோ எஞ்சின் (திரவ எரிபொருளில் ஓடும் சிறு மாடல் எஞ்சின்) திணறிச் சூடேறும். விமானத்தைக் கட்டிவைத்து, பின்னால் நின்று, வாட்மீட்டரில் அளந்த பிறகே பறக்க விடுங்கள். பிளேடு சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது.

கேள்வி: 1000 கேவி மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று), 3எஸ் பேட்டரி (தொடராக இணைத்த மூன்று செல்). எந்த சைஸ்?

பதில்: மோட்டாருடன் வரும் அட்டவணையில் இருக்கும் சைஸ், பிறகு வாட்மீட்டர். ஸ்லோ ஃபிளையர் வகை (மெதுவாகப் பறக்கும் விமானங்களுக்கான புரொப்பெல்லர்) மாட்டுவதானால் கவனம். 65,000-ஐ அங்குல விட்டத்தால் வகுத்து வருவதே புரொப்பெல்லர் தயாரிக்கும் ஏபிசி (APC) நிறுவனம் தரும் உச்ச சுழல்வேக வரம்பு. 10 அங்குலத்துக்கு நிமிடத்துக்கு 6,500 சுற்று. பிளேடை லேசாக வளைத்துப் பாருங்கள். மையத்தருகே வெள்ளைக் கோடு தெரிந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: 1400 கேவி. எந்த சைஸ்?

பதில்: முந்தைய பதில்தான்.

கேள்வி: மோட்டார் சுழல்கிறது, விமானம் நகரவில்லை.

பதில்: பிளேடில் எழுத்துள்ள பக்கம் முன்னோக்கி இருக்கட்டும். சுழலும் திசையையும் பாருங்கள்.

கேள்வி: மூன்று பிளேடு போட்டால் திறன் கூடுமா?

பதில்: குறையும். கட்டுப்பாட்டுக் கம்பியில் பறக்கும் வேகப்பந்தய மாடல்களில் ஒற்றை பிளேடும் எதிரெடையும் வைத்தே ஓட்டினார்கள்.

கேள்வி: தவறு. தூத்துக்குடிக்கு வரும் ஏடிஆர் பயணிகள் விமானத்தின் புரொப்பெல்லருக்கு ஆறு பிளேடு. அந்தப் பொறியாளர்களுக்குத் தெரியாதா?

பதில்: நன்றாகத் தெரியும். அங்கே விட்டத்தை நீட்ட வழியில்லை: கீழே தரை, பக்கத்தில் விமான உடல், பிளேடு முனையின் வேகமோ ஒலியின் வேகத்தை நெருங்கும். அவ்வளவு பெரிய சக்தியை அந்த விட்டத்துக்குள் செலவழிக்கப் பிளேடுகளைக் கூட்டுகிறார்கள். உங்கள் மாடலின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி போதாதா? மூன்று பிளேடு போடுங்கள், விட்டத்தில் ஓர் அங்குலம் குறைத்து. இடம் இருக்கும்போது இரண்டே நல்லது.

கேள்வி: ரிசீவரை (ரிமோட்டின் சிக்னலை விமானத்தில் வாங்கும் கருவி) சோதிக்கையில் மோட்டார் தானாகச் சுழன்றது. ஏன்?

பதில்: காரணம் பிறகு. புரொப்பெல்லரை முதலில் கழற்றுங்கள். என் வலது கட்டைவிரலில் ஐந்து தையல், இதே சோதனையில் போட்டது.