இன்று என்ன சாப்பிட்டீர்கள்? வாசகர் கேள்வி பதில்

வீட்டிலும் உணவகத்திலும் அன்றாடம் உண்பதைப் படமெடுத்து, இரண்டு வரி எழுதி, வேண்டியவர்களோடு பகிர்ந்துகொள்வது பற்றிக் கேள்விகளை அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நாங்கள் கல்லூரித் தோழியர் சிலர், வேறு வேறு ஊர்களில் வசிக்கிறோம். அன்றன்று சாப்பிட்டதை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது எங்கள் வழக்கம். முன்பு எதைச் சாப்பிட்டாலும் அனுப்புவோம். இப்போது யாராவது உணவகத்துக்குப் போனால்தான் படம் வருகிறது. வீட்டுச் சாப்பாட்டை அனுப்பக் கூச்சமாக இருக்கிறது. பழைய மகிழ்ச்சியும் இல்லை. ஏன் இப்படி?

பதில்: படம் எடுக்கும்போதே, "இதைப் பார்த்து என்ன நினைப்பார்கள்?" என்ற எண்ணம் உங்களிடையே நுழைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. கிறிஸ்டின் டீல், கால் சாபர்மன், அலிக்ஸாண்ட்ரா பராஷ் ஆகிய மூவர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஓர் இனிய அனுபவத்தைப் படமெடுப்பவர்கள் மற்றவர்களைவிட அதில் கூடுதலாக ஒன்றிப்போவதையும், அதனால் அவர்களது மகிழ்ச்சி கூடுவதையும் கண்டார்கள். அதே மூவர் 2018இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. தமக்கு நினைவாக இருக்கட்டும் என்று படமெடுப்பவர்களைவிட, சமூக ஊடகத்தில் போடுவதற்கென்றே எடுப்பவர்கள் அந்த அனுபவத்தைக் குறைவாகவே ரசிக்கிறார்கள் என்பதும், பிறர் கண்ணில் தாம் எப்படித் தெரிவோம் என்ற கவலையே அதற்குக் காரணம் என்பதும் அதன் முடிவுகள்.

என் யோசனை இது. எடுத்தவுடன் அனுப்பாதீர்கள், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அனுப்புங்கள். வீட்டுச் சாப்பாட்டுப் படத்தோடு, அன்றைய சமையலில் நடந்த ஒன்றை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்: அடுப்பை மறந்து தொலைபேசியில் பேசியதால் அடிப்பிடித்தது, உப்புப் போட்டோமா என்ற ஐயத்தில் இரண்டாம் முறையும் போட்டது, பிள்ளை ஒதுக்கிவைத்த காயைத் தாயே தின்று தீர்த்தது. உணவகத்துச் சாப்பாட்டைப் பற்றி அதை உண்டவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்; தன் அடுப்பில் வெந்ததைப் பற்றி எவராலும் பத்து வரி எழுத முடியும். தொலைவில் இருக்கும் தோழிக்கு அந்த வரிகள் சொல்லும் செய்தி, அலங்கரித்த தட்டு எதுவும் சொல்லாதது. கூச்சம் தீர வேண்டுமானால், குழுவில் யாராவது ஒருவர் நேற்றைய மீதியைச் சூடாக்கிச் சாப்பிட்ட படத்தை முதலில் அனுப்பட்டும். மற்றவர்கள் தாமாகவே பின்தொடர்வார்கள்.

கேள்வி: சாப்பிடும்போது நான் கைபேசியை எடுத்தாலே வீட்டில் எல்லாருக்கும் கோபம் வருகிறது. ஒரு படம் எடுப்பதால் என்ன கெட்டுப்போகிறது?

பதில்: ஒரு படத்தால் ஒன்றும் கெடாது, பத்துப் படம் எடுத்தால் பேச்சு கெடும். பராஷும் உடனாய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, படமெடுப்பவர்களுக்குக் கண்ணால் கண்டது நன்றாக நினைவில் நிற்கிறது, காதால் கேட்டது குறைவாகவே நிற்கிறது. ஆகவே உங்கள் வீட்டாரின் கோபத்தில் நியாயம் உண்டு. பரிமாறியதும் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

கேள்வி: சாப்பாட்டைப் படமாக்கிப் பிறருக்குக் காட்டுவது கைபேசி வந்தபின் பிடித்த பைத்தியம் என்கிறார் என் தந்தை. சரிதானா?

பதில்: பைத்தியமா இல்லையா என்பதை அவரிடமே விட்டுவிடுகிறேன், பழக்கம் மட்டும் மிகப் பழையது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் என்ற பண்டைக் கிரேக்க நகரில் சோசஸ் என்ற கலைஞர், விருந்து முடிந்த கூடத்தின் தரையில் சிதறிக் கிடக்கும் எலும்புகளையும் தோல்களையும் ஓடுகளையும் அப்படியே கற்பதிப்பு ஓவியமாக்கினார். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களில் வில்லெம் ஹேடா, பீட்டர் கிளாஸ் போன்றோர் பாதி உண்டு விட்ட பண்டத்தையும் பாதி உரித்த எலுமிச்சையையும் சாய்ந்து கிடக்கும் கிண்ணத்தையும் வரைவதிலேயே பெயர் பெற்றவர்கள். புகைப்படக் கலையின் முன்னோடியான நியெப்ஸ் 1833இல் மறைந்தார். அவர் எடுத்ததாகக் கருதப்படும் மிகச் சில படங்களில் ஒன்று, சாப்பாட்டுக்கு ஆயத்தமாக வைக்கப்பட்ட ஒரு மேசை.

கேள்வி: உணவகத்தில் எடுத்த படம் மஞ்சளாக வருகிறது, வீட்டில் எடுத்த படம் மங்கலாக, பசியையே போக்கும்படி வருகிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்க வேண்டாம். முதலில் கைபேசியின் வில்லையைத் துணியால் துடையுங்கள். சமைத்த கையோடு எடுக்கும் கைபேசியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் இருக்காது. அந்தப் பிசுக்குத்தான் படம் முழுவதும் பால் தெளித்ததுபோல் மங்கலைக் கொடுக்கிறது. கொதிக்கும் பாத்திரத்தின்மேல் நேரே நீட்டினால் ஆவியும் படியும்.

அடுத்தது வெளிச்சம். ஒளியின் நிறத்தை நிற வெப்பநிலை என்ற அளவால் குறிப்பார்கள்; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். நண்பகல் வெயிலுக்கு அது ஏறத்தாழ 5500 கெல்வின். உணவகங்கள் விரும்பித் தொங்கவிடும் மஞ்சள் விளக்குகளுக்கு அது 2700 முதல் 3000 கெல்வின். விளக்கு ஒரே வகையாக இருந்தால் கேமராவில் உள்ள வெண்சமநிலை (white balance) என்ற நிறத் திருத்த அமைப்பைக் கொண்டு மஞ்சளைப் பெரும்பாலும் குறைத்துவிடலாம். ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் கலந்து விழுந்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெடும். ஆகையால் வீட்டில் பகல் நேரமானால் விளக்கை அணைத்துவிட்டுத் தட்டை ஜன்னலோரம் கொண்டுபோங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ வந்தால்தான் பண்டத்தின் மேடுபள்ளமும் ஈரமும் தெரியும். ஆவி தெரிய வேண்டுமானால் பின்னால் இருண்ட பின்புலமும் வேண்டும். தலைக்கு நேர்மேலே எரியும் விளக்கின் கீழ் எடுத்தால் உங்கள் கையும் கைபேசியும் தட்டின்மேல் நிழலாக விழும். ஃபிளாஷ் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். உணவகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கும் அது தொல்லை.

வெள்ளைச் சோறு சாம்பல் நிறமாகவும், கரிய குழம்பு வெளுத்தும் வருவதற்குக் காரணம் வேறு. பார்க்கும் காட்சி நடுத்தர வெளிச்சம் உடையது என்று வைத்துக்கொண்டே கேமரா அளவெடுக்கிறது. திரையில் உணவைத் தொட்டு, சோற்றுக்கு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள், குழம்புக்குக் குறையுங்கள். மிக அருகே போகாமல் ஓரடி பின்வாங்கி இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் தட்டின் வட்டமும் கோணாமல் வரும். இவ்வளவு செய்தும் சில பண்டங்கள் அழகாக வாரா. ருசிக்கும் தோற்றத்துக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அந்தப் படத்தையும் அனுப்பத்தான் வேண்டும்.

கேள்வி: உண்பதை எல்லாம் குறித்துவரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். எழுதச் சோம்பலாக இருக்கிறது. படமெடுத்துக் காட்டினால் போதாதா?

பதில்: முதலில் அவரிடமே கேளுங்கள். குறித்துவைப்பதில் பயன் உண்டு: அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரைக் கொண்டு நடந்து 2008இல் வெளியான எடைக்குறைப்பு ஆய்வில், வாரத்தில் ஆறு நாளாவது உணவுக் குறிப்பு எழுதியவர்கள், எழுதாதவர்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு எடையைக் குறைத்திருந்தார்கள். எழுதுபவர்கள் உண்டதைக் குறைத்தே எழுதுகிறார்கள் என்பதும் பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. பெரும்பாலும் அது பொய்யன்று, மறதி. சமைக்கும்போது ருசி பார்த்த கரண்டிகள், மற்றவர் தட்டிலிருந்து எடுத்த ஒரு துண்டு, நின்றுகொண்டே குடித்த இனிப்புப் பானம் ஆகியவை யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. படம் இதில் கைகொடுக்கும். ஆனால் எண்ணெய், வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் படம் காட்டாது. உண்ணுமுன் ஒன்று, உண்டபின் மிச்சத்தோடு ஒன்று என இரு படங்கள் எடுங்கள். அளவு தெரிவதற்காக ஒரே கரண்டியை எப்போதும் பக்கத்தில் வையுங்கள். வீட்டில் ஊற்றிய எண்ணெயை மட்டுமாவது எழுதுங்கள். குறிக்கத் தொடங்கியபின் ஒவ்வொரு வாய்க்கும் குற்ற உணர்வு எழுந்தால், தயங்காமல் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அன்றாடச் சாப்பாட்டுப் படங்களை எல்லாரும் பார்க்கும்படி போடுவதில் ஆபத்து ஏதும் உண்டா?

பதில்: உணவில் இல்லை, ஓரங்களில் உண்டு. உணவகத்தில் பின்னால் அமர்ந்திருப்பவரின் முகம் அவர் அனுமதியின்றி உங்கள் படத்தில் இருக்கக்கூடாது. படத்தின் ஓரத்தை வெட்டி அதை நீக்கிவிடுங்கள். மேசைமேல் இருக்கும் ரசீது, மருந்துச் சீட்டு, முகவரி எழுதிய உறை ஆகியவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். இடமறியும் வசதி கேமராவுக்கு இயக்கப்பட்டிருந்தால், எடுத்த இடத்தின் ஆயங்களும், அதாவது வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டும் எண்களும், படக்கோப்புக்குள் பதிவாகும். பல தளங்கள் பதிவேற்றும்போது அதை நீக்கிவிட்டாலும், மின்னஞ்சலில் மூலக்கோப்பாக அனுப்பினால் அது கூடவே போகும். கேமராவுக்கு அந்த அனுமதியை அமைப்புகளில் நிறுத்திவையுங்கள். தினமும் அதே நேரத்தில் வெளியே உண்பவராக இருந்தால், வீடு எப்போது பூட்டியிருக்கும் என்பதையும் உங்கள் படங்களே சொல்லிவிடும். வீடு திரும்பிய பிறகு போடுங்கள்.